அனுப்பியாயிற்று

காலையில் காபியை என் கையில் கொடுக்கும்போது அத்தை கேட்கிற முதல் கேள்வி, "கமிட் போட்டானா?"

கமிட் என்றால் என்ன என்று அவருக்கு முழுசாகத் தெரியாது. மகன் எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து ஏதோ எழுதுகிறான், எழுதியதைச் சேமித்து அனுப்பும்போதெல்லாம் அது தேதி நேரத்தோடு பதிவாகிறது, அதை மருமகள் தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். இவ்வளவு போதும் அவருக்கு. நேற்று சாயங்காலம் போட்டிருக்கிறார் என்று நான் சொன்னால் முகம் தெளிந்துவிடும். இல்லை என்றால், "உடம்புக்கு ஏதாவதா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்யும்போது, வியாழக்கிழமை முழுக்க ஏன் ஒன்றுமே போடவில்லை என்று அதட்டுவார். அவன் பதில் சொல்ல முடியாமல் திணறுவது எனக்குப் பக்கத்து அறையிலிருந்தே கேட்கும். எங்கள் மேனேஜர்கூட அவனை அப்படிக் கேட்டதில்லை.

அவன் என்றுதான் எழுதுகிறேன். அத்தை முன்னால் 'அவர்', மாடி ஏறிவிட்டால் 'அவன்'. ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்காக வாடா போடா என்று பேசிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு வேறு எப்படி வரும்?

அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேறு ஊர், வேறு கம்பெனி. சண்டை போட்டுக்கொண்டு போனான் என்று யாரிடமும் சொல்லவில்லை. நல்ல வாய்ப்பு, விட மனசில்லை என்று ஆளாளுக்கு ஒரே பாட்டைப் பாடினோம். அவன் வீட்டில், அவன் அம்மாவோடு, நான் இருக்கிறேன். பிள்ளை போய்விட்டான், மருமகள் மட்டும் மாமியார் வீட்டில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்களாம். பேசட்டும். மாமா காலமான பிறகு அத்தைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அத்தையைப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், வாயைத் திறந்து சொல்கிற குடும்பம் இல்லை அது.

என்னிடம் அவன் பேசுவதெல்லாம் தண்ணீர் மோட்டார், வீட்டு வரி, அத்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதா என்பது. இரண்டு குமாஸ்தாக்கள் பேசிக்கொள்வதுபோலப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். வைத்த பிறகு நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அவன் வேண்டும். குளியலறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் உரக்கப் பேசிக்கொண்டே குளிக்கிற அந்த ஆள், என் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்கிற அந்த ஆள் வேண்டும். இதை அவனிடம் சொல்லலாமே என்று கேட்டால், கேட்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம்.

எங்கள் கம்பெனி செய்வது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான ஒரு கருவி. ஒரு திட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து எழுதினால், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் அது நினைவில் வைத்திருக்கும். போன மாதத்து நிலைக்குத் திரும்பவேண்டும் என்றால் அப்படியே கொண்டுபோய் விட்டுவிடும். வாழ்க்கைக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்து அட்டைகளில் பாதி அந்த ஜோக்தான்.

எனக்குக் கொடுத்த வேலை, ஒரு திட்டத்துக்குள் இன்னொரு திட்டம் இருந்தால் என்ன செய்வது என்பது. ஒருவர் லிஃப்டுக்கு மென்பொருள் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு கடிகாரம் வேண்டும். வேறு யாரோ அருமையாக எழுதி வைத்திருக்கிற கடிகாரத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறார். லிஃப்ட் வெளித் திட்டம், கடிகாரம் உள் திட்டம். கடிகாரக்காரர் தன்பாட்டுக்கு அதைத் திருத்திக்கொண்டே இருப்பார். லிஃப்ட்காரருக்கு அது எந்த அளவுக்குத் தெரியவேண்டும்?

இதற்கு இரண்டே வழி. ஒன்று, உள் திட்டத்தை முழுசாக நகலெடுத்து வெளித் திட்டத்துக்குள்ளேயே கொட்டிவிடுவது. இன்னொன்று, உள் திட்டம் அதன் இடத்திலேயே இருக்கட்டும், அதன் எந்தக் கமிட் எனக்கு வேண்டும் என்கிற குறிப்பை மட்டும் வெளித் திட்டம் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு நீளமான எண் உண்டு, கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அந்த எண்தான் குறிப்பு. எண்ணைக் கொடுத்தால் கருவி போய் அந்தக் கமிட்டை எடுத்து வந்து உள்ளே பொருத்திவிடும்.

நான் குறிப்பு என்றேன். அவன் நகல் என்றான். ஆபீசில் ஆரம்பித்து, பஸ்ஸில் தொடர்ந்து, வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே சண்டை போட்டோம். அத்தை, யாரோ சொந்தக்காரர்களுக்குள் பாகப்பிரிவினை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னது இதுதான். உன் வழியில் உள் திட்டத்தில் ஏதாவது மாற்றினால் அதைத் தனியாக அனுப்பவேண்டும், பிறகு வெளித் திட்டத்தைத் தனியாக அனுப்பவேண்டும். "ரெண்டு தடவை அனுப்பணும்னு வெச்சா, ஒருத்தன் கட்டாயம் ஒண்ணை மறப்பான்." வெளியே எண் மட்டும் போய்ச் சேரும், அந்த எண்ணுக்குரிய கமிட் அவன் மடிக்கணினியிலேயே தங்கிவிடும், மற்றவர்கள் திறந்தால் ஒன்றும் கிடைக்காது என்றான். மறக்கிறவர்களுக்காக எல்லோருடைய திட்டத்தையும் மூட்டையாகக் கட்டிச் சுமக்க முடியாது என்று நான் சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

கடைசியில் கூட்டம் போட்டார்கள். எங்கள் மேனேஜருக்கு ஆபீசில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அதுதான். அன்றைக்கு என்று பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்கலாம் என்று சொல்லாமல் முடிவு சொன்னார். குறிப்புதான் சரி என்றார். அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எல்லோர் முன்னாலும் தன் பேச்சை நான் வரிக்கு வரி வெட்டியது அவனுக்குப் பொறுக்கவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். வேறு எப்படி வெட்டுவது? தப்பை வரிக்கு வரிதான் வெட்டவேண்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. ஒரே அறையில், ஒரே கட்டிலில், இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம். ஒரு நாள், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். சந்தோஷம் என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் கருவிக்குள்ளேயே ஓர் உள் திட்டம் இருக்கிறது. கோப்புகளை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு அனுப்புகிற பகுதி அது. அவன் படித்து முடித்த புதிதில் தனியாக எழுத ஆரம்பித்தது, அவனுக்கே சொந்தமானது. கம்பெனி அதை உள்ளே வைத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. வேலையை விட்ட பிறகும் அவன் அதைக் கைவிடவில்லை. அத்தை காலையில் கேட்கிற கமிட் அதில்தான் விழுகிறது.

அவன் கிளம்பிய அன்று காலை எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. வெளித் திட்டத்தில், அதாவது எங்கள் கருவியில், அவன் பெயரில் ஒரு புதிய பிராஞ்ச், ஒரு தனிக் கிளை. அதில் ஒரே ஒரு மாற்றம், உள் திட்டத்தின் எண் மட்டும் மாறியிருந்தது. பக்கத்தில் அவன் எழுதியிருந்த விளக்கம் இரண்டே சொல், 'உன் வழியில்'.

பல் தேய்க்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்து திறந்தேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. 'உள் திட்டத்தின் இந்தக் கமிட் எங்கும் கிடைக்கவில்லை.' மறுபடி திறந்தேன், மறுபடி அதே வரி. வேறு யாராவது அனுப்பியிருந்தால், உள்ளதை அனுப்ப மறந்துவிட்டார் பாவம் என்று அப்போதே சொல்லியிருப்பேன். இவன் மறப்பானா? ஒருத்தன் கட்டாயம் மறப்பான் என்று ஒரு வருஷம் என் உயிரை எடுத்தவன் இவன். வேண்டுமென்றுதான் செய்திருக்கிறான், உன் வழியில் போனால் இதுதான் கிடைக்கும் என்று போகிற போக்கில் என் முகத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போய் அவன் ஏறிய ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுவேன் என்று எதிர்பார்க்கிறான் போல என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எதிர் பிளாட்பாரத்தில் இருந்த கடையைப் பார்த்தேன். வண்டி கிளம்பியது. அவன் ஜன்னலில் இருந்தான். நான் கை அசைத்தேனா என்பது இப்போது நினைவில்லை.

இந்த வருஷம் என் வடிவமைப்பு வெளிவரவேண்டும். எல்லாப் பழைய பிராஞ்ச்களையும் சோதித்துப் பார்க்க ஒரு கட்டளை எழுதினோம். நூற்றுக்கணக்கில் பச்சை, ஒன்றே ஒன்று சிவப்பு. எங்கள் டெஸ்டர், ஆபீசில் 'குறுக்குக் கேள்வி' என்றால்தான் அவளைத் தெரியும், திரையைக் காட்டி, அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். ஏன் இருக்கவேண்டும் என்றாள். சோதனைக்கு ஒரு தவறான உதாரணம் வேண்டாமா என்று சமாளித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் அன்றைக்குக் கேள்விக் கணக்கு முடிந்துவிட்டது போலிருக்கிறது, போய்விட்டாள். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனவன்தான், ஆனாலும் அந்தக் கதவில் அவன் கைப்பட எழுதிய இரண்டு சொல் இருந்தது.

வெளியிடுவதற்கு முன்னால் வெளி ஆட்களைக் கூப்பிட்டுப் பயன்படுத்தச் சொல்வது எங்கள் வழக்கம். சின்ன அறை. வந்தவர் மேசையில் உட்காருவார், குறுக்குக் கேள்வி பக்கத்தில் இருப்பாள், நாங்கள் பின்னால் சுவரோரமாக. வந்தவர் எவ்வளவு தடுமாறினாலும் வாயைத் திறக்கக் கூடாது. இது நான் போட்ட விதிதான். வாயை மூடிக்கொண்டு உட்காருவதில் எனக்கு நல்ல பயிற்சி.

அன்றைக்கு வந்தவர் நிஜமாகவே லிஃப்டுக்கு மென்பொருள் எழுதுகிறவர். நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எதையும் மூன்று தடவை சரிபார்த்த பிறகே அடுத்ததைத் தொடுகிற மனிதர். உள்ளே இருக்கிற கடிகாரத்தில் ஒரு பிழையைத் திருத்தச் சொன்னோம். திருத்தினார், கமிட் போட்டார். வெளித் திட்டத்தில் புது எண் ஏறியது, அதற்கும் கமிட் போட்டார். அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தினார். பச்சையில் வந்தது, 'அனுப்பியாயிற்று'. நாற்காலியில் சாய்ந்து எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

குறுக்குக் கேள்வி அவரை அடுத்த கம்ப்யூட்டருக்குக் கூட்டிப்போய், இப்போது இதில் இறக்கிப் பாருங்கள் என்றாள். சிவப்பில் அந்த வரி வந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. முதல் கம்ப்யூட்டருக்கு ஓடிவந்து பார்த்தார், மறுபடி இரண்டாவதுக்குப் போனார்.

"நான் அனுப்பினேங்க. அனுப்பியாச்சுன்னு அதுவேதானே சொல்லுச்சு?" என்றார். விதிப்படி நாங்கள் சுவரோரம் உட்கார்ந்தபடியே இருந்தோம். அவருக்குக் குரல் கொஞ்சம் உடைந்தது. "நான் எதையும் பாதியில விட்டுட்டுப் போற ஆள் இல்லங்க."

சிவப்பில் வருகிற அந்த வரியை எழுதியவள் நான். பச்சையில் வருகிற அந்த ஒற்றைச் சொல்லையும் நான்தான் எழுதினேன். என் முறைக்கு முன்மாதிரி செய்து ஆபீசுக்குள் ஓடவிட்ட நாளிலிருந்து அது மாறவே இல்லை. வெளியே போனதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் போய்விட்டது என்று சொல்கிற ஒரு சொல். அவன் கிளம்பிய அன்று காலையிலும் அவன் திரையில் அந்தச் சொல்தான் பச்சையில் வந்திருக்கும். அவனும் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.

என் விதியை நானே மீறி எழுந்து வெளியே போனேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டேன். வார நாளில், பட்டப்பகலில், நான் கூப்பிட்டதே இல்லை. எடுத்த உடனே, அம்மாவுக்கு என்ன என்று பதறினான்.

"அத்தை நல்லா இருக்காங்க. நீ கிளம்பின அன்னிக்கு ஒரு பிராஞ்ச் அனுப்பினியே, அதுல என்ன இருந்துச்சு?"

"நீ பாக்கலையா?" என்றான்.

"கிடைக்கலைன்னு வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் வருது."

"நான் அனுப்பினேன்."

"வெளியில இருக்கறதை அனுப்பியிருக்க. உள்ள இருக்கறதை அனுப்பல."

அதெப்படி என்று ஆரம்பித்தான். நானா, நான் போய் அதை மறப்பேனா என்று கேட்டான். பிறகு அந்தக் காலை நேரத்தை மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. புருவத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் ரொம்பச் சின்னக் குரலில், "அனுப்பியாயிற்றுன்னு வந்துச்சே" என்றான்.

அதற்குப் பிறகு அவனாகவே சொன்னான். நான் படித்துவிட்டேன் என்று நினைத்துத்தான் ஸ்டேஷனில் நின்றானாம். ஒரு வார்த்தை சொல்வேன், ஒரு வார்த்தை சொன்னால் சூட்கேஸை இறக்கிவிடலாம் என்று வண்டி நகர்கிற வரைக்கும் பார்த்தானாம். நான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். படித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை என்றால் இனிமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டானாம்.

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

"ஒரே ரூம்லதானே படுத்திருந்தோம்? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வரல," என்றான். "எழுதத்தான் வந்துச்சு."

அது பழைய மடிக்கணினியில் இருக்கவேண்டும், இங்கே வந்ததும் வேறு வாங்கிவிட்டேன், அதைத் தேடிப் பார்க்கிறேன் என்றான். உயிரோடு இருக்கிறதோ இல்லையோ என்றான். என்ன எழுதியிருந்தாய் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கண்ணால் பார்க்கவேண்டும் போல இருந்தது.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அலமாரியில் வைத்தேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி நடந்தேன். அவன் உள் திட்டத்தில் வழக்கமான கமிட்கள்கூட நின்றுபோயின. அத்தை காலையில் என்னிடமிருந்து 'இல்லை' என்றே கேட்டுக் கேட்டு, காபியை வைத்துவிட்டு அங்கேயே நிற்க ஆரம்பித்தார். பழைய கம்ப்யூட்டரைச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறார் அத்தை என்றேன். உடம்பு சரியில்லை என்பதை நீ மறைக்கிறாய் என்றார். ஆபீசில் 'பார்க்கலாம்' வந்து, பழைய பிராஞ்ச்களை எல்லாம் சுத்தம் செய்துவிடலாமா என்று கேட்டார். பார்க்கலாம் சார் என்றேன். அவருக்கு அது எங்கேயோ கேட்டதுபோல இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அந்தக் கமிட் வந்தது. அத்தை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் அந்தப் பிராஞ்ச்சைத் திறந்தேன். இத்தனை நாளில் எத்தனையோ தடவை செய்ததுதான், விரல் தானாகப் போகும். சிவப்பு வரவில்லை. கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. வெளியே ஒரு வருஷமாகக் காத்துக்கிடந்த எண்ணில் ஓர் இலக்கத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. உள்ளே வரவேண்டியது வந்ததும் அது தானாகவே போய்ப் பொருந்திக்கொண்டது. குறிப்பு முறையின் அழகே அதுதான் என்று நான் கூட்டத்தில் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது எனக்கு இது தெரியாது.

படித்தேன். முழுக்க முழுக்க என் வழியில்தான் எழுதியிருந்தான். நான் வாயால் சொன்னதை, பஸ்ஸில் சொன்னதை, கீரை ஆய்கிறபோது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதை, எல்லாவற்றையும் அவன் கேட்டிருக்கிறான். நான் யோசிக்காமல் விட்டிருந்த மூலைகளைக்கூட நிரப்பியிருந்தான். என்னைவிட நன்றாகவே செய்திருந்தான் என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். அனுப்புகிற பகுதியில், கடைசியில், புதிதாக ஒரு துண்டு இருந்தது. வெளித் திட்டத்தை அனுப்புவதற்கு முன்னால், உள் திட்டத்தின் கமிட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அது கேட்டுப் பார்க்கும். சேரவில்லை என்றால் முதலில் அதை அனுப்பும், பிறகுதான் வெளியில் இருப்பதை விடும். அதற்கு மேலே அவன் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். 'மறக்கிறவர்களுக்காக. நான் சொன்னபோது அவள் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னதும் சரிதான். இரண்டையும் சேர்த்தால் போதும்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் மறக்காமல் இருக்க ஒரு காவல் கட்டியிருக்கிறான், கட்டிய காவலை உள்ளேயே விட்டுவிட்டு, பழைய கருவியால் அனுப்பியிருக்கிறான். பழைய கருவிக்குக் காவல் கிடையாது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் இப்படிப் பிழை விடத் தெரியும். நான் சிரித்த சத்தத்தில் அத்தை கையில் ஈரத் துணியோடு இறங்கி வந்துவிட்டார். என்ன என்று கேட்டார். உங்கள் பிள்ளை நனையாமல் இருக்க ஒரு குடை செய்தார், அதை வீட்டில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

"அவங்கப்பாவும் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

அவர் நிற்கும்போதே போன் போட்டேன். அவன் எடுத்தான். பார்த்தேன் என்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன் என்றேன். சரியா இருக்கா என்று கேட்டான், பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் மாதிரி. ஒரு வருஷமாக மோட்டாரும் வீட்டு வரியும் பேசிய அதே வாய்தான். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"வந்துடு," என்றேன். "நீ இல்லாம என்னால முடியல."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, போன மாதம்தான் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் என்றான். நீ கூப்பிடுவாய் என்று தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தான், அதற்கு மேல் குரல் வரவில்லை. இப்போது கூப்பிடுகிறேன் என்றேன். தெரியுது என்றான். கொஞ்சம் பொறு, நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் அழுது நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றுதான் வைத்தான்.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மாடிப்படியில் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியிருந்தது. என்ன பேசினோம் என்பதில் பாதியாவது அத்தைக்குக் கேட்டிருக்கும். மகனை 'நீ' என்று சொன்னதும் கேட்டிருக்கும்.

"வர்றேன்னானா?" என்றார்.

"இல்ல அத்தை. நான்தான் கேட்டேன்."

"இத்தனை நாள் கேட்டதே இல்லையா?"

"இல்ல."

திட்டப் போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். ஈரத் துணியை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார். நிதானமாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு என் பக்கத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"நானும் கேட்டதில்ல. அந்தப் போனைக் குடு."